தோலில் ஒரு வட்டம்: டிஸ்காய்ட் லூபஸ் நோயும் அதனோடு தொடர்புடையவையும்

(அறக்கட்டளையின் மருத்துவ விளக்கக் கூட்டத்தில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றைப் பற்றி இத்தகைய மேடைகளில் நீங்கள் பல முறை கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, பெயரைச் சொன்னாலே நம்மில் பலருக்கு வாயில் நுழையாத ஒரு தோல் நோய். அதன் முழுப்பெயர் டிஸ்காய்ட் லூபஸ் எரிதெமட்டோசஸ். டி.எல்.இ. என்று சுருக்கிச் சொல்வோம். "டாக்டர், முகப்பரு, முடி உதிர்வு என்று எல்லாருக்கும் உள்ளதைப் பற்றிப் பேசலாமே" என்று ஏற்பாட்டாளர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் கேட்டது நியாயந்தான். இருந்தாலும் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு.

பொதுவாகத் தோல் நோய் என்றால் நாம் அவசரப்படுவதில்லை. ஆறினால் சரி, ஆறாவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். பல நோய்களுக்கு அது பொருந்தவும் செய்யும். தேமலுக்கு ஆறு மாதம் கழித்து வைத்தியம் பார்த்தாலும் தோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டி.எல்.இ. அப்படிப்பட்டதன்று. இது போகும்போது தழும்பை வைத்துவிட்டுத்தான் போகும். தலையில் வந்தால் மயிர்க்காலை அழித்துவிட்டுப் போகும். அழிந்த மயிர்க்காலை மறுபடியும் முளைக்க வைக்கும் மருந்து இன்றுவரை நம்மிடம் இல்லை. நோய் வந்த முதல் சில மாதங்களில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்த மனிதரின் முகம் வாழ்நாள் முழுவதும் எப்படி இருக்கும் என்பது முடிவாகிறது.

இந்த நோய் பார்வைக்கு எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னம், மூக்கு, நெற்றி, உதடு, காது, உச்சந்தலை ஆகிய இடங்களில் காசு அளவில் வட்டமாக ஒரு தடிப்பு தோன்றும். சிவந்த நிறமுள்ளவர்களுக்கு அது செந்நிறமாகத் தெரியும். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுப்பு நிறத்தாருக்கும் ஊதா கலந்த கறுப்பாகவே தெரியும். அதன்மேல் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் செதில் பொடுகு போல எளிதில் உதிர்ந்துவிடாது. மெல்ல உரித்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் சிறு சிறு முள் போன்ற நீட்டங்கள் இருக்கும். அவை மயிர்க்கால்களின் வாயை அடைத்துக்கொண்டிருந்த அடைப்புகள். விரலால் தடவினால் பூனையின் நாக்கைத் தொட்டது போன்ற சொரசொரப்பு. நாட்பட நாட்பட வட்டத்தின் நடுப்பகுதி மெலிந்து, குழிந்து, வெளுத்துவிடும். ஓரம் மட்டும் கறுத்து நிற்கும். இந்த வெளுத்த நடுவும் கறுத்த ஓரமும்தான் நம் மக்களைப் பயமுறுத்துகின்றன.

காதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. காது மடலின் உட்குழிவில் கரும்புள்ளிகளும் செதிலும் சேர்ந்திருப்பது இந்த நோயின் மிக நல்ல அடையாளம். கண்ணாடி முன் நின்றால் அந்த இடம் சரியாகத் தெரியாது. வீட்டில் உள்ளவர்கள்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நம் உடலில் கிருமிகளை எதிர்த்துப் போராடும் காவற்படை ஒன்று உண்டு. லூபஸ் நோயில் அந்தக் காவற்படை ஆள் தெரியாமல் சொந்த வீட்டையே தாக்குகிறது. டி.எல்.இ.யில் தாக்குதல் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். இருபது வயதிலிருந்து நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் அதிகமாக வரும். பெண்களுக்குக் கூடுதலாக வரும். ஆண்களை விட்டுவைப்பதும் இல்லை. பிறவிக் கூறு ஓரளவு இருக்கிறது. ஆனால் தாய்க்கு இருந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இது தொற்று நோயும் அன்று. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே துண்டைப் பயன்படுத்தலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். ஏனென்றால் என்னிடம் வந்தவர்களில் சிலர், வீட்டிலேயே தங்களுக்குத் தனிக் குவளை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பயத்துக்கு ஒரு பின்னணி இருக்கிறது. தொழுநோய் விட்டுச் சென்ற நினைவு நம் சமூகத்தில் இன்னும் முழுமையாக மறையவில்லை. 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. முகத்தில் வெளுத்த தழும்பு என்றால் அக்காலத்துப் பெரியவர்களுக்கு அந்த இடந்தான் ஞாபகம் வரும். தொழுநோய் இன்று மாத்திரையால் முற்றாகக் குணமாகும் நோய். அதற்கும் யாரையும் ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் அதுவும் டி.எல்.இ.யும் வேறு வேறு. தொழுநோய்ப் படையில் உணர்ச்சி மங்கும். டி.எல்.இ. தடிப்பில் உணர்ச்சி இருக்கும். சிலருக்கு அரிக்கவும் எரியவும் செய்யும். இன்னும் சிலர் இதை வெண்புள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெண்புள்ளியில் தோல் வெளுக்குமே தவிர மெலியாது, குழியாது. படர்தாமரை என்று நினைப்பவர்கள் கடையில் களிம்பு வாங்கித் தடவுவார்கள். படர்தாமரையிலும் வட்டம் உண்டு, செதில் உண்டு. ஆகையால் ஏமாறுவது எளிது. சந்தேகம் வந்தால் தோலில் மிளகளவு ஒரு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் சிறு வேலைதான் அது. "டாக்டர், கத்தி வைத்தால் பரவிவிடுமே" என்று தடுக்கிறார்கள். அப்படிப் பரவாது.

தலையில் வருவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் வந்தார். நாற்பதைத் தாண்டாத வயது. கொண்டையில் நிறையப் பூ. எடுக்கச் சொன்னபோது தயங்கினார். எடுத்த பிறகுதான் தெரிந்தது, உச்சியில் ஐம்பது காசு நாணயம் அளவில் மூன்று இடங்களில் முடி இல்லை. புழுவெட்டு என்று யாரோ சொல்ல, மூன்று ஆண்டுகளாகச் சின்ன வெங்காயத்தைத் தேய்த்து வந்திருக்கிறார். பிறகு இரவுச் சந்தையில் விற்ற ஒரு டப்பா எண்ணெய், அதன்பின் உறவினர் கொடுத்த களிம்பு. புழுவெட்டிலும் வட்டமாகத்தான் முடி கொட்டும். ஆனால் அங்கே தோல் வழுவழுப்பாக, மயிர்க்கால் துளைகள் அப்படியே இருக்கும். பெரும்பாலோர்க்கு முடி திரும்பவும் முளைக்கும். இந்தத் தாயாருக்குத் தோல் மெலிந்து பளபளத்தது. துளைகளே இல்லை. ஓரத்தில் மட்டும் நோய் இன்னும் உயிரோடு இருந்தது.

"டாக்டர், முடி வருமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நடுவில் வராதம்மா. ஓரத்தில் இருப்பதைக் காப்பாற்றலாம்," என்றேன்.

மருந்து தொடங்கி நான்கு மாதத்தில் பரவுவது நின்றது. இழந்தது இழந்ததுதான். தம் தங்கைக்கும் அப்படி ஒரு வட்டம் தோன்றியபோது இதே தாயார் மறுவாரமே கையோடு அழைத்து வந்துவிட்டார். தங்கைக்கு வந்தது சாதாரணப் படர்தாமரை என்பது சோதனையில் தெரிந்தது. அதற்காக அவர் வெட்கப்படவில்லை, நானும் சலித்துக்கொள்ளவில்லை.

லூபஸ் என்பது இலத்தீன் மொழியில் ஓநாய். முகத்தை அரித்துத் தின்னும் புண்களுக்கு ஐரோப்பாவில் இடைக்காலத்திலிருந்தே அந்தப் பெயர் வழங்கி வந்தது. அன்று பல நோய்களைச் சேர்த்துக் கட்டிய ஒரே மூட்டை அது. பாரிசில் கசநாவ் என்னும் மருத்துவர் 1851இல் இந்த நோய்க்கு இன்றைய பெயரை வழங்கினார். வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி 1872இல், தோலோடு நிற்கும் வகை ஒன்று, உடல் முழுவதையும் பாதிக்கும் வகை ஒன்று என்று பிரித்துக் காட்டினார். மூட்டையில் மிச்சமிருந்த இன்னொரு லூபஸ், காசநோய்க் கிருமி தோலில் உண்டாக்குவது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டறிந்தார். காசநோய் லூபசுக்கு ஒளியைக் குவித்துப் பாய்ச்சிச் சிகிச்சை செய்ததற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் எவ்வளவு குழப்பம் பாருங்கள்: அந்த லூபசுக்கு ஒளி மருந்து, இந்த லூபசுக்கு ஒளியே பகை.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "லூபஸ் என்றால் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும் நோய் அல்லவா?" அது எஸ்.எல்.இ. எனப்படும், உடல் முழுவதையும் தாக்கும் வகை. அதில் மூட்டு, சிறுநீரகம், இரத்தம், நுரையீரல் உறை, மூளை என எதுவும் பாதிக்கப்படலாம். டி.எல்.இ. வந்தவர்களில் பெரும்பாலோர்க்கு அது வருவதில்லை. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு வேறுபடுகிறது. நூற்றுக்கு ஐந்து பேர் முதல் இருபது பேர் வரை காலப்போக்கில் எஸ்.எல்.இ.க்குப் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடிப்புகள் கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால் ஆபத்து குறைவு. மார்பு, முதுகு, கைகள் என்று கழுத்துக்குக் கீழும் பரவியிருந்தால் கூடுதல். குழந்தைப் பருவத்தில் வந்தாலும் கூடுதல்; ஆகையால் பிள்ளைகளை இன்னும் கவனமாகத் தொடர்ந்து பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமிருந்தும் ஒரு தொடர்பு உண்டு: எஸ்.எல்.இ. நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வட்டத் தடிப்புகளும் இருக்கும்.

மலேசியாவில் எஸ்.எல்.இ. சீனர்களிடையே அதிகமாகவும் இந்தியர்களிடையே குறைவாகவும் காணப்படுவதாக 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இதைக் கேட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. குறைவாக வரும் நோயை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்காததால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

டி.எல்.இ. உள்ளவர் எதைக் கவனிக்க வேண்டும்? காலையில் விரல் மூட்டுகள் வீங்கி விறைத்திருப்பது. காரணமில்லாத காய்ச்சல், எடைக் குறைவு, களைப்பு. வாயின் மேலண்ணத்தில் புண். குளிரில் விரல்கள் வெளுத்து, பின் நீலமாவது. நம் நாட்டில் இது குளிர்சாதன அறையில் வேலை செய்பவர்களிடம்தான் தெரிய வரும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது. கால் வீக்கம், சிறுநீரில் நுரை. இவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் வர வேண்டும். ஒன்றும் தோன்றாவிட்டாலும், நோய் தெரிந்தவுடன் ஒரு முறையும் அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட வேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கின்றனவா, இரத்தச் சோகை உண்டா, சிறுநீரில் புரதமோ இரத்தமோ போகிறதா என்று பார்ப்போம். ஏ.என்.ஏ. என்ற சோதனையும் செய்வோம். அந்தத் தாளில் 'பாசிட்டிவ்' என்று பார்த்தவுடன் அழுதுகொண்டு வருகிறவர்கள் பலர். நல்ல சுகமாக இருப்பவர்களிலும் சிலருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருக்கும். அந்த ஒரு சொல்லை வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை. என் கருத்தில், சிறுநீர்ச் சோதனைதான் இந்தப் பட்டியலில் மிகவும் மலிவானது, மிகவும் பயனுள்ளது, மிக அதிகமாகத் தட்டிக்கழிக்கப்படுவது.

எஸ்.எல்.இ. தவிர வேறு சில தொடர்புகளும் உண்டு. தைராய்டு நோய், கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோகிரன் நோய் போன்ற, காவற்படை தடம் மாறுவதால் வரும் மற்ற நோய்கள் சிலரிடம் சேர்ந்தே காணப்படும். தோலுக்குக் கீழுள்ள கொழுப்பில் லூபஸ் வந்தால் கன்னத்திலோ மேற்கையிலோ கட்டி தோன்றி, பின் பள்ளம் விழும். அரிதான ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். சில ஆண் குழந்தைகளுக்கு வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இல்லாமல் பிறவியிலேயே குறை இருக்கும். அடிக்கடி சீழ்க்கட்டி, நிமோனியா, கழுத்தில் நெறிக்கட்டு என்று மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைவார்கள். அந்தக் குறையைத் தம் உடலில் சுமந்து நிற்கும் தாய்க்கு, டி.எல்.இ. போன்ற தடிப்புகள் முகத்தில் வருவதுண்டு. தாயின் தோலைப் பார்க்கும் மருத்துவருக்குப் பிள்ளையின் கதை தெரியாது. பிள்ளையைப் பார்ப்பவர் தாயின் முகத்தைக் கவனிப்பதில்லை. ஆகவே உங்கள் முகத்துக்காக வரும்போதும் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது வீண்பேச்சு ஆகாது.

இனி வெயில். நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு அருகில். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நண்பகல் வேளையில் புற ஊதாக் கதிரின் அளவு, ஐரோப்பாவின் கோடைக்காலத்தையும் மிஞ்சக்கூடியது. மேகமூட்டம் அதை முழுமையாகத் தடுப்பதில்லை. கார்க் கண்ணாடியும் சன்னல் கண்ணாடியும் ஒரு வகைக் கதிரை உள்ளே விட்டுவிடும். "நான் வெயிலிலேயே போவதில்லை டாக்டர், கடையில்தான் இருக்கிறேன்" என்று சொன்ன ஒருவருக்கு வலக்கன்னத்தில் மட்டும் நோய் கிளம்பிக்கொண்டிருந்தது. கேட்டால், கல்லாப்பெட்டி வாசலோரம், வலப்பக்கம் கண்ணாடிச் சுவர். கல்லாவை இடம் மாற்றச் சொன்னேன். காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெயிலைத் தவிருங்கள். குடை, அகன்ற விளிம்புத் தொப்பி, நீளக்கைச் சட்டை ஆகியவை களிம்பைவிட நம்பகமானவை, ஒரு முறை வாங்கினால் போதும். வெயில் தடுப்புக் களிம்பு 30க்கு மேல், முடிந்தால் 50 எண்ணுள்ளதாக இருக்கட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். நம்மவர்கள் பட்டாணி அளவு பூசிவிட்டு, களிம்பு வேலை செய்யவில்லை என்கிறார்கள். வெயிலைத் தவிர்ப்பவர்களுக்கு வைட்டமின் டி குறையலாம். அதைச் சோதித்து மாத்திரை தருவோம்.

நம் விழாக்களைத் தொட்டும் இரண்டு செய்திகள். தோலில் காயம் பட்ட இடத்திலேயே இந்நோயின் புது வட்டம் தோன்றக்கூடும். சொறிந்த கீறல், பச்சை குத்திய இடம், காது குத்திய இடம் எல்லாம் இதில் அடங்கும். ஆகவே நோய் அடங்காதிருக்கும் காலத்தில் அலகு குத்திக்கொள்வது நல்லதன்று. நேர்த்திக்கடன் என்பது உங்களுக்கும் இறைவனுக்கும் இடையே உள்ளது. அதில் மருத்துவன் குறுக்கே வரமாட்டான். பத்துமலையில் இரவிலும் விடியற்காலையிலும் பால்குடம் எடுத்து முடிப்பவர்கள் ஏராளம். அந்த வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது. அடுத்தது, முடி காணிக்கை. மொட்டையடித்த தலையில் வெயில் நேராக விழும். சில வாரங்களுக்குத் தொப்பியோ துண்டோ இல்லாமல் வெளியே போகாதீர்கள். அதோடு, முடி இறங்கும்போதுதான் மறைந்திருந்த தழும்பு வெளிப்படும். முடிதிருத்துபவர் "இங்கே என்ன தழும்பு?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் காது கொடுங்கள். எனக்கு நோயாளிகளை அனுப்பிவைத்தவர்களில் அவர்களும் உண்டு.

புகை பிடிப்பதைப் பற்றி ஆண்களுக்குச் சொல்கிறேன். டி.எல்.இ. உள்ளவர்களில் புகைப்பவர்கள் அதிகம். புகைப்பவர்களுக்கு நோய் கடுமையாகவும் இருக்கிறது, மாத்திரையும் சரியாக வேலை செய்வதில்லை. மாதந்தோறும் மருந்துக்கும் சிகரெட்டுக்கும் சேர்த்துப் பணம் செலவழிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போன்றது.

மருந்துகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவை ஆளுக்கு ஆள் மாறும். ஆரம்பத்தில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, தடித்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி, முகத்துக்குத் தாக்ரோலிமஸ் களிம்பு ஆகியவை பயன்படும். ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் தடவினால் அதுவே தோலை மெலிய வைக்கும். பெயரில்லாத வெளுக்கும் களிம்புகளில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. பாதரசம் கலந்தவற்றைப் பற்றி மலேசிய சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. தழும்பின் கறுப்பைப் போக்க நினைத்து அவற்றைப் பூசாதீர்கள். நேரடி விற்பனையில் வரும் அல்ஃபால்ஃபா மாத்திரையையும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள ஒரு பொருள் லூபசைக் கிளப்பிவிடக்கூடியது.

முக்கியமான மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயின். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் கொய்னாவை மறந்திருக்கமாட்டார்கள். மலேரியாவுக்கு விழுங்கிய அந்தக் கசப்பு மருந்தை இலண்டனில் பெய்ன் என்ற மருத்துவர் 1894இலேயே லூபசுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கு மலேரியாத் தடுப்பாகக் கொடுக்கப்பட்ட மெப்பாக்கிரின், லூபசுக்கும் நல்லது என்று பேஜ் என்பவர் 1951இல் எழுதினார். அது உடம்பை மஞ்சளாக்கும். அதன் பின்னர் 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதுதான் இன்றைய மாத்திரை. கொசு நோய்க்கான மருந்து முகத்துத் தழும்புக்கு உதவுவது வேடிக்கைதான். காவற்படையின் கோபத்தைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டு. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். மூன்றாம் வாரமே "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்களால்தான் எனக்கு அதிக வருத்தம். 2020இல் கோவிட் நோய்க்கு இது மருந்து என்ற செய்தி பரவி, உலகின் பல இடங்களில் லூபஸ் நோயாளிகளுக்கே கிடைக்காமல் போனது. கோவிட்டுக்கு அது பயனில்லை என்பது பிறகு உறுதியானது.

கண் போய்விடும் என்ற பயம் பலருக்கு. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டாமல் சாப்பிட்டால் முதல் ஐந்து ஆண்டுகளில் விழித்திரை பாதிப்பு மிக அரிது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 300 மில்லிகிராம். தொடங்கும்போது ஒரு முறையும், ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதற்கு முன்பே தொடங்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பெண்கள் தாமாக இதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தத் தேவையில்லை, மகப்பேறு மருத்துவரிடம் சொல்லித் தொடரலாம். அதோடு, இரத்தத்தில் 'ஆன்டி ரோ' என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று கருத்தரிக்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. இருந்தால், நூற்றில் ஓரிரு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு மந்தமாகக்கூடும். அதற்காகக் கருவிலேயே கண்காணிப்பார்கள்.

நோய் அடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பழைய தழும்பை மறந்துவிடக் கூடாது. குறிப்பாக உதட்டிலும், வெளுத்துப்போன இடத்திலும், உச்சந்தலையிலும். அங்கே ஆறாத புண், தடித்து வளரும் கட்டி, தொட்டால் இரத்தம் கசிவது என்றிருந்தால் அது தோல் புற்றுநோயாக இருக்கலாம். மிக அரிதாகவே வரும். ஆனால் ஆரம்பத்தில் வெட்டி எடுத்தால் முடிந்துபோகும் காரியம் அது.

கடைசியாக, எந்தச் சோதனைத் தாளிலும் வராத ஒரு தொடர்பு: மனம். முகத்தில் தழும்புள்ளவர்கள் கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறார்கள், புகைப்படத்தில் நிற்பதில்லை, வேலை நேர்முகத்துக்குப் போவதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே நான் சொல்ல விரும்பவில்லை. மனச்சோர்வு இந்நோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. சீல் என்ற பிரிட்டிஷ் பாடகரை இளைஞர்கள் அறிந்திருப்பார்கள். கன்னங்களில் அவருக்குள்ள தழும்புகளைப் பார்த்து, ஏதோ குலச் சடங்கில் கீறிக்கொண்டது என்று பலர் எண்ணினார்கள். இளம் வயதில் வந்த டி.எல்.இ. விட்டுச் சென்ற தழும்புகள் அவை. அந்த முகத்தோடுதான் அவர் உலக மேடைகளில் பாடினார். தழும்பை மறைக்கும் நிறப் பூச்சுகள் நம் தோல் நிறத்துக்கும் கிடைக்கின்றன. நோய் அடங்கிய பின் பயன்படுத்தலாம். லூபஸ் நோயாளிகளுக்கான சங்கங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை அங்கே இன்னொரு நோயாளியிடம் கேட்கலாம்.

வெளி மண்டபத்தில் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் சிறுநீர்ச் சோதனை செய்கிறார்கள். மற்றொன்றில் நான் உட்கார்ந்திருப்பேன். இப்போது தடவிக்கொண்டிருக்கும் களிம்பு, எண்ணெய், மாத்திரை எதுவானாலும் கைப்பையில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள்; நாட்டு மருந்து என்றாலும் கூச்சப்பட வேண்டாம். தலையில் உள்ளதைக் காட்ட விரும்பும் தாய்மார்களுக்காகப் பின்னால் திரை கட்டி ஓர் இடமும் ஒதுக்கியிருக்கிறோம்.